பதினோராவது ப்ரூஃப்

ஜூன் 3

இல்லை அப்பா, இருமல் போய்விட்டது. சளி மட்டும் அறையைக் காலி செய்ய மறுக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா, அல்லது மறந்ததை மறைக்கிறாளா?

நீங்கள் அனுப்பிய ஒன்பது கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏழில் திருத்தம் இல்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதி இரண்டில் சிவப்பு மையைப் பாருங்கள். ஒன்றில் நீங்கள் ஞாயிறு என்கிறீர்கள், காலண்டர் திங்கள் என்கிறது. இன்னொன்றில் மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் ஒரே ஆள். ஒரு வரியை இரண்டு முறை அச்சுக் கோர்த்துவிட்டீர்கள். அப்படியே மெஷினில் ஏறியிருந்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் நடந்திருக்கும், நம் அச்சகத்தின் புண்ணியத்தில்.

எனக்கு இங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சினிமாவில் ஒரே காட்சியை இரண்டு நாள் எடுப்பார்கள். முதல் நாள் கதாநாயகி கோப்பையை இடக்கையில் பிடித்திருந்தால் இரண்டாம் நாளும் இடக்கைதான். அதைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிற ஆள் நான். கன்டினியூட்டி என்பார்கள். யூனிட்டில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. "நோட்டு எங்கப்பா? நோட்டைக் கூப்பிடு." நீங்கள் சொல்லிக்கொடுத்த வேலைதான். பிழை பார்ப்பது. தாளுக்குப் பதில் ஆட்கள்.

படம் கல்யாணத்தைப் பற்றி. முப்பதை நெருங்கும் ஒரு பெண். வீடு, ஆபீஸ், பக்கத்து வீடு, எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: எப்போ? பல் டாக்டர்கூடக் கேட்கிறார். வாயில் கருவி இருப்பதால் அவளால் பதில் சொல்ல முடியாது. யூனிட்டே சிரித்தது. நானும்.

ஒரு உதவி. கடைசிக் காட்சிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை தேவை. முப்பது பிரதி. கற்பனைப் பெயர்கள். கலை இயக்குநர் கேட்டதும் நான் பெருமையாக, "எங்கப்பா அடிச்சுத் தருவாரு" என்று சொல்லிவிட்டேன். அனுப்புவீர்களா?

ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். பழகிவிட்டது. அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். பாதி உண்மை.

உங்கள் பாப்பா


ஜூன் 14

அன்பு மகளுக்கு,

முழங்கால் படியேறும்போது மட்டும் தன்னை நினைவூட்டுகிறது. மற்றபடி நானும் அம்மாவும் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறோம். சளிக்கு வெந்நீர் குடி.

அண்ணன் தங்கை பிழைக்கு நன்றி. வெட்கமாக இருந்தது. கண் முன்போல் இல்லை. நீ பார்த்துக் கையெழுத்துப் போடாத எதையும் மெஷினில் ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன். தபாலில் நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

நீ கேட்ட பத்திரிகை முடியாது. முப்பத்தாறு வருடத்தில் நடக்காத கல்யாணத்துக்கு இங்கே பத்திரிகை அடித்ததில்லை. மாதிரிக்குக்கூட இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் மாதிரிகள் எல்லாம் நடந்த கல்யாணங்கள். உன் கலை இயக்குநரை வேறு அச்சகம் பார்க்கச் சொல். வருத்தப்படாதே.

தாள் கடைக்காரர் வந்திருந்தார். இந்த முறை மகனையும் அழைத்துவந்தார். தாளை விரலால் தடவியே எடை சொல்கிறான். குரலை உயர்த்தாத பையன். உன்னைப் பற்றி விசாரித்தார்கள். நல்ல வேலையில் இருக்கிறாள் என்று சொன்னேன்.

வரும் மாதம் உனக்கு இருபத்தொன்பது முடிகிறது. அம்மா நினைவூட்டினாள்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா


ஜூன் 29

அப்பாவுக்கு,

சளியும் போய்விட்டது. இப்போது அறையில் நான் மட்டும். உங்கள் கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். "முன்போல் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள்.

பத்திரிகை கிடையாது என்றதும் கலை இயக்குநர், "உங்கப்பா ப்ரஸ் வச்சிருக்காரா, கோர்ட்டு வச்சிருக்காரா?" என்றார். இரண்டும்தான் என்றேன்.

இந்த வாரம் முழுக்க ஒரே வரவேற்பறை. ஐந்து குடும்பங்கள் வந்து கதாநாயகியைப் பார்க்கின்றன. அதே சோபா, அதே தட்டு, அதே ஆறு கோப்பைகள். ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள். எந்தக் கோப்பையின் பிடி எந்தப் பக்கம் என்று படம் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது குடும்பத்து மாமாவுக்கு ஒரு வசனம்: "யோசிச்சுச் சொல்லும்மா, அவசரமே இல்ல. வெள்ளிக்கிழமை சொன்னாப் போதும்." அவள் "யோசிக்கிறேன்" என்பாள். உடனே அறை முழுக்கக் கைதட்டல். யோசிக்கிறேன் என்பது அந்த அறையில் சரி என்று கேட்கிறது. நகைச்சுவைக் காட்சி. ஏழு டேக். ஏழாவது டேக்கில் நான் கோப்பைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் அவளுக்குக் கல்யாணம். "ஏன் சார்?" என்று இயக்குநரிடம் கேட்டேன். "கல்யாணம் இல்லன்னா ஜனங்க எந்திரிக்கவே மாட்டாங்கம்மா. படம் முடிஞ்சதுன்னே தெரியாது."

தாள் கடைக்காரர் மகன் எடையைச் சரியாகச் சொன்னாரா? அதற்கு மேல் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. போன வருடம் பார்த்த வங்கிக்கார மாப்பிள்ளை விஷயத்தில் வேண்டாம் என்று சொன்னதுதான் இந்த வருடமும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பாப்பா


ஜூலை 11

அன்பு மகளுக்கு,

கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து கொடுத்தார். மூன்று வேளையும் அம்மாதான் ஊற்றுகிறாள். பாதி கன்னத்தில்.

இத்துடன் பதினான்கு ப்ரூஃப். நிதானமாகப் பார். எல்லாவற்றையும் பார். நேரம் எடுத்துக்கொள், நான் காத்திருப்பேன். உன் சம்மதம் இல்லாமல் எதையும் மெஷினில் ஏற்ற மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

நீ பதில் எழுதும்போது விளக்கமாக எதுவும் எழுத வேண்டியதில்லை. வழக்கம்போல் கையெழுத்துப் போட்டால் போதும். இல்லையென்றால் கோடு போட்டு அடித்துவிடு. நான் புரிந்துகொள்வேன்.

பிறந்த நாளுக்கு அம்மா ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள். எப்போது வருகிறாய் என்று கேட்கிறாள்.

அப்பா


ஜூலை 19

அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். நான் நலம், கதாநாயகிதான் நலமில்லை. காய்ச்சலால் நான்கு நாள் போயிற்று. இப்போது இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் செய்கிறோம். யூனிட் வண்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுத்த இடத்துக்குப் போகிறோம். பாதை முழுக்கப் பள்ளம், எழுத்து கோணலாக இருக்கும்.

பதினான்கையும் பார்த்துவிட்டேன். திருத்தம் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை நன்றாகக் கோர்த்திருக்கிறீர்கள்.

சொட்டு மருந்தைக் கண்ணில் விடச் சொல்லுங்கள்.

பாப்பா


ஜூலை 30

அன்பு மகளுக்கு,

முழங்கால் வலி தெரியவில்லை. கண்ணும் தெளிவாக இருக்கிறது. அம்மா இரண்டு நாளாக அடுப்படியில் தனியாகச் சிரிக்கிறாள்.

பதினோராவது ப்ரூஃபை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். "திருத்தம் இல்லை." கீழே உன் இரண்டு எழுத்துக் கையெழுத்து. நீ வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதியிருந்தால்தான் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். நீயும் நானும் இந்த மாதிரி விஷயங்களை வாயால் பேசிப் பழகவில்லை. நான் தாளில் கேட்டேன். நீ தாளில் சொன்னாய். இவ்வளவு எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் போன வருடமே இப்படிச் செய்திருப்பேன்.

தாள் கடைக்காரர் முதல்தரத் தாளைத் தானே கொண்டுவந்து இறக்கினார். ஐந்நூறு அடித்தேன். மெஷினை நான்தான் ஓட்டினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. முந்நூறு தபாலில் போய்விட்டது. உன் பெரியப்பா வீட்டிலிருந்து நேற்றே வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. காலண்டரைப் பார்த்துவிட்டேன்.

இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு மட்டும் பெரிய அச்செழுத்துப் பெட்டியைத் திறந்தேன்.

அப்பா


ஆகஸ்ட் 6

அப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது.

நான் படிக்கவில்லை.

முதல் மூன்றைப் படித்தேன். மிச்சத்தை ஓடுகிற வண்டியில், மடியில் வைத்து, மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்துவிட்டேன் என்று எழுதியது பொய். பத்து வயதிலிருந்து உங்களுக்கு ப்ரூஃப் பார்க்கிறேன், இதுதான் முதல் பொய். அது என் தப்பு. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் தப்பு.

தாளில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை இப்போது முழுதாகப் படித்தேன். நான்கு முறை. என் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இருக்கிறது. தேதி, நேரம், மண்டபம். எட்டாவது வரியில் எனக்குக் கல்யாணம் செய்துவைத்து, பத்தாவது வரியில் ஊரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கேள்வி எந்த வரியில் இருக்கிறது? ப்ரூஃபில் நான் பார்க்க வேண்டியது எழுத்து சரியா என்று. கல்யாணம் சரியா என்று இதுவரை எந்தப் பெண்ணிடமாவது ப்ரூஃபில் கேட்டிருக்கிறீர்களா?

நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, அப்பா. பதினான்குக்கு நடுவில் வைத்தீர்கள். பத்துக்குப் பிறகு, பன்னிரண்டுக்கு முன்னால். நான் அடித்தால் நீங்கள் கேட்டதாகவே ஆகாது. நான் அடிக்காவிட்டால் நான் சரி சொன்னதாக ஆகிவிடும். நன்றாகக் கோர்த்திருக்கிறீர்கள் என்று நானே எழுதியிருக்கிறேன்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. கல்யாணத்தின் மேல்கூட இல்லை. நான் சொல்லாத ஒரு "சரி" முந்நூறு வீடுகளில் மேஜைமேல் கிடக்கிறது. கோபம் அதன்மேல்.

பிழை வெளியே போய்விட்டால் நம் அச்சகம் என்ன செய்யும்? சின்னச் சீட்டு அடித்து, பத்திரிகை போன அத்தனை பேருக்கும் அனுப்பும். ஒருமுறை மண்டபத்தின் பெயர் மாறிப்போய் நானூறு சீட்டு அடித்தோம். நான்தான் உறையில் போட்டு ஒட்டினேன். பசை காய்ந்து விரலில் தோல் உரிந்தது. அதே மாதிரி ஒரு சீட்டு அடியுங்கள். இந்தக் கல்யாணம் நடைபெறாது. கீழே என் பெயர் மட்டும்.

ஊருக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று எழுதாதீர்கள். வந்தால் அம்மா அழுவாள். அவள் அழுதால் நானும் அழுவேன். நம் வீட்டில் அழுகையும் சரி என்றுதான் கேட்கும்.

சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 27

பாப்பாவுக்கு அம்மா எழுதறது.

நல்லா இருக்கியா? நாங்க இருக்கோம். எனக்கு உன் அப்பா மாதிரி கோர்த்துக் கோர்த்து எழுத வராது, வாயில வர்றதை எழுதறேன்.

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுது. பதில் போடுங்கன்னு தினம் சொல்றேன். மனுஷன் மெஷின் முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்காரு. மெஷின் ஓடல. ஓடாத மெஷினைப் பாத்துக்கிட்டு ஒருத்தர் எவ்வளவு நேரம் உக்காருவாரு?

பெரியப்பா வந்து கத்திட்டுப் போனாரு. "பொண்ணைப் படிக்க வச்சே, சரி. சினிமாவுக்கு அனுப்பினே, சரி. இப்ப அவ ஊரையே படம் பாக்க வைக்கிறா." பெரியம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "யாராவது இருக்காங்களாடி?"ன்னு கேட்டா. இருந்தாக்கூட நல்லா இருக்கும், யாரும் இல்லாம வேணாங்கறதை எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னேன். அவளுக்கும் புரியல. எனக்கும் முழுசா புரியல.

தாள் கடைக்காரர் நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. "வேணாம்னு போட வேணாம். தள்ளி வச்சிருக்குன்னு போடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்"னாரு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. தள்ளிப்போச்சுன்னா யாருக்கும் வலிக்காது. ஒரு வருஷத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. ஒரு வார்த்தைதானே. விட்டுக்கொடேன்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. என் கல்யாணப் பத்திரிகையை நான் எப்பப் பாத்தேன் தெரியுமா? கல்யாணம் முடிஞ்சு நாலாம் நாள். உங்கப்பாதான் கோர்த்தாரு, உங்கப்பாதான் அடிச்சாரு. எனக்கு யாரும் ப்ரூஃப் காட்டல. உனக்குக் காட்டியிருக்காரு. அவரைப் பொறுத்தவரைக்கும் அது பெரிய விஷயம்.

இதை எழுதும்போதுதான் எனக்கே தோணுது. சரி விடு.

உன் புடவை பீரோவுல இருக்கு. கல்யாணத்துக்கு எடுத்ததில்ல, பொறந்த நாளுக்கு எடுத்தது. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


செப்டம்பர் 2

வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று எழுத நினைத்தேன். இப்போதைய நிலையில் அது கிண்டல்போல் இருக்கும். நான் தாள் கடைக்காரர் மகன். உங்கள் பத்திரிகையில் ஏழாவது வரியில் இருப்பவன்.

உங்களுக்குச் சம்மதம் என்றார்கள். கையெழுத்தைக் காட்டினார்கள். ஐந்நூறு பேருக்குச் சொல்ல அது கொஞ்சம் சின்ன எழுத்தாகத் தெரிந்தது. ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு வயது, எங்கள் வீட்டிலும் பல் டாக்டர் வரை எல்லாரும் கேட்டாகிவிட்டது. (உங்கள் படத்தில் அப்படி ஒரு காட்சி உண்டென்று உங்கள் அப்பா சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.)

ஒரு யோசனை. தள்ளிவைத்ததாகப் போடட்டும். ஆறு மாதம் கழித்து நான் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன். பழி என்மேல் வரட்டும், ஆண்பிள்ளைக்கு அது நிற்காது. உங்கள் அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடப்பார். உங்கள்மேல் ஒரு சொல் விழாது.

உங்களைச் சிக்கலில் விட எனக்கு விருப்பமில்லை. பதில் எழுதினால் மகிழ்ச்சி. எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஏழாவது வரி


செப்டம்பர் 9

ஏழாவது வரிக்கு,

நலம்தான். நீங்கள் அப்படிக் கேட்டிருந்தால் கிண்டலாக எடுத்திருக்க மாட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்கு வந்த கடிதங்களிலேயே உங்களுடையதுதான் நல்ல கடிதம். அதனால் மறுப்பது கஷ்டமாக இருக்கிறது. மறுக்கிறேன்.

நீங்கள் வேண்டாமென்று சொன்னதாக ஊர் பேசினால், நான் சொன்னது எங்கே போகும்? முதலில் நான் சொல்லாத "சரி" போயிற்று. இப்போது நான் சொன்ன "இல்லை" உங்கள் பெயரில் போகும். பழி வராது என்கிறீர்கள். பழி வந்தால் வரட்டும், அது என்னுடையது. வேலை செய்யாமல் கிடைத்த சம்பளம்போல் ஒரு நல்ல பெயர் எனக்கு வேண்டாம்.

தள்ளிவைப்பது என்றால் நடக்கப்போகிறது என்று அர்த்தம். ஆறு மாதம் நான் தேதி இல்லாத மணப்பெண்ணாக நடமாட வேண்டும். கேட்கிறவர்களிடம் எல்லாம் சிரிக்க வேண்டும். நான் படப்பிடிப்பில் இருப்பவள். சிரிப்பு எத்தனை டேக் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பா சிரித்தார் என்று எழுதியதற்கு நன்றி. எனக்கு எழுதியதில் அவர் அதைச் சொல்லவில்லை.

எப்போதாவது சந்தித்தால் ஒரு தேநீர் குடிக்கலாம். தேதியை மட்டும் யாரும் அச்சடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
எட்டாவது வரி அல்ல


செப்டம்பர் 12

அப்பாவுக்கு,

நீங்கள் எழுதாததால் உங்கள் உடம்பு எப்படி என்று தெரியவில்லை. அம்மா எழுதினாள். மெஷின் ஓடவில்லை என்று எழுதினாள். நான் நன்றாக இருக்கிறேன். இது முழு உண்மை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசிக் காட்சிக்கு முதல் நாள் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். கதாநாயகி எங்கே நிற்பாள், மாப்பிள்ளை எங்கே நிற்பான் என்று இயக்குநர் விளக்கினார். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "சார், கன்டினியூட்டி இடிக்குது" என்றேன்.

"எங்க? நகையா? தலைமுடியா?"

"அறுபத்தெட்டு சீன் எடுத்திருக்கோம். எந்த சீன்லயும் அவ சரின்னு சொல்லல."

அவர் சிரித்தார். பிறகு நோட்டை வாங்கினார். யோசிக்கிறேன், பார்க்கலாம், உங்க இஷ்டம், தலைகுனிவு, பதினொரு பெருமூச்சு. எல்லாம் எழுதி வைத்திருந்தேன். சரி இல்லை. அரை மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். யாருக்கும் வேலை ஓடவில்லை. கதாநாயகி மட்டும் மெதுவாக, "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் இயக்குநர்.

"முன்னாடி கேட்டேன் சார். ஜனங்க எந்திரிக்க மாட்டாங்கன்னீங்க."

கோபம்தான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "நோட்டு, அவ பத்திரிகையைக் கிழிச்சா எந்திரிப்பாங்களா?" என்றார். தெரியாது என்றேன். எடுத்துப் பார்ப்போம் என்றார். இரண்டு முடிவையும் படமாக்குகிறார்கள். கலை இயக்குநர் மறுபடி பத்திரிகைக்கு அலைகிறார்.

அப்பா, நான் உங்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. நாற்பது பேருக்கு முன்னால் என்னால் சொல்ல முடிந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாயை வைத்துக்கொண்டு உங்களிடம் பேசாமல் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

சீட்டு அடியுங்கள். நீங்கள் அடிக்காவிட்டால் இங்கே ஒரு அச்சகம் பார்த்து வைத்திருக்கிறேன். எழுத்து அவ்வளவு சுத்தமில்லை. முந்நூறு முகவரிகளும் எனக்கு மனப்பாடம், சின்ன வயதிலிருந்து உறைமேல் எழுதியது நான்தான்.

ஆனால் நம் அச்சகத்திலிருந்து போனால்தான் அது திருத்தம்.

பாப்பா


செப்டம்பர் 25

அன்பு மகளுக்கு,

முழங்கால் பழையபடி. கண் பரவாயில்லை. மெஷினுக்கு நேற்று எண்ணெய் போட்டேன்.

உனக்கு எழுதியதை அம்மா எனக்குக் காட்டவில்லை. ஆனால் எழுதிய பிறகு ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள். "எனக்கு ஏன் ப்ரூஃப் காட்டல?" முப்பத்திரண்டு வருடம் கழித்து. அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் உன் ஆகஸ்ட் கடிதத்தை மறுபடி படித்தேன். கேள்வி எந்த வரியில் என்று கேட்டிருந்தாய். எங்கள் கல்யாணப் பத்திரிகையும் மாதிரிகளோடு சுவரில்தான் இருக்கிறது. அதிலும் தேடிப் பார்த்தேன்.

இத்துடன் இரண்டு ப்ரூஃப். ஒன்றில் "ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்று இருக்கிறது. அம்மா முதலில் கேட்டது, தாள் கடைக்காரர் இன்னும் கேட்பது. மற்றொன்றில் நீ கேட்டது. எதை ஏற்றட்டும்? இந்த முறை நடுவில் வைக்கவில்லை. இரண்டே தாள்தான்.

நீ உன் பெயர் மட்டும் போடச் சொன்னாய். கீழே என் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அதை அடிக்காதே. பத்திரிகையில் இருந்த பெயர் திருத்தத்திலும் இருக்க வேண்டும். பெரியப்பா கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அனுப்பாத பத்திரிகை இருநூறு மிச்சம். எடைக்குப் போட மனம் வரவில்லை. நல்ல தாள். நடக்காத கல்யாணத்துக்கு இங்கே பத்திரிகை அடிப்பதில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். அடித்தாயிற்று. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் படத்துக்கு ஆகுமா பார். பெயர் தெரியாமல் பின்பக்கமாகப் பிடிக்கச் சொல். தடித்த தாள், ஒரே இழுப்பில் கிழியாது. மடிப்பில் பிடித்தால் கிழியும்.

அம்மா புடவையையும் அதே பார்சலில் வைத்திருக்கிறாள்.

அப்பா


பார்சலும் கடிதமும் செப்டம்பர் 30 அன்று ஒன்றாக வந்து சேர்ந்தன.

அவள் இரண்டு ப்ரூஃப்களையும் ஜன்னலோரம் வைத்து, வாய்விட்டு, எழுத்தெழுத்தாக, இரண்டு முறை படித்தாள். முதலாவதன்மேல் குறுக்கே கோடு போட்டாள். இரண்டாவதில், கல்யாணம் நடைபெறாது என்பதற்குக் கீழே, பழைய பத்திரிகைக்குக் கோர்த்த எழுத்திலிருந்து எடுக்க மறந்துபோன ஒரு வரி அப்படியே இருந்தது: "அனைவரும் தவறாமல் வருக." சத்தமாகச் சிரித்துவிட்டு அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். அப்பாவின் பெயரை விட்டுவைத்தாள். ஓரத்தில் "திருத்தத்துடன் சரி" என்று எழுதி, இரண்டு எழுத்தாக இல்லாமல் முழுப் பெயரையும் கையெழுத்திட்டாள். தபால் நிலையத்தில் வரிசையில் நின்று அனுப்பினாள். பிறகு படப்பிடிப்புக்குப் போய், முதல் டேக்குக்கு ஒன்று, கைவசம் பத்து என்று பத்திரிகைகளைக் கலை இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, கதாநாயகிக்கு மடிப்பில் எங்கே பிடிப்பது என்று காட்டினாள். நோட்டைத் திறந்து, எந்தக் கை மேலே என்று எழுதிக்கொண்டாள்.